மாரிசெல்வியின் ஐந்தாவது ஏன்

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்யும் அந்தக் கம்பெனியில் மாரிசெல்வியை மாரிசெல்வி என்று கூப்பிடுகிறவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். மற்ற ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் அவள் "வைஃபை அக்கா". பிரிண்டர் பேப்பரைத் தின்றால் வைஃபை அக்கா. மவுஸ் செத்தால் வைஃபை அக்கா. கேன்டீன் டோக்கன் மெஷின் மக்கர் பண்ணினாலும், சாம்பாரில் கரண்டியை அப்படியே விட்டுவிட்டு, "அக்காவைக் கூப்பிடு" என்பார்கள். தலை நரைத்த ஸ்டோர்ஸ் இன்சார்ஜ்கூட இருபத்தேழு வயசுப் பெண்ணை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். அவளுக்கு அதில் வருத்தமே கிடையாது. உள்ளுக்குள் ஒரு கர்வம்தான்.

கர்வம் வராமல் எப்படி இருக்கும்? ஏழு வருஷத்துக்கு முன்னால் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு பெட்டியோடும் ஒரு டிப்ளமோ சான்றிதழோடும் வந்து இறங்கியவள், இதே கம்பெனியின் வெல்டிங் லைனில் டிரெய்னியாக நின்றாள். ஸ்ரீபெரும்புதூரில் லேடீஸ் ஹாஸ்டல், ரூம் நம்பர் ஏழு, ஆறு பேர். ஷிஃப்ட் முடிந்து வந்து மற்ற ஐந்து பேரும் சீரியல் பார்க்கும்போது, இவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு செல்போனில் நெட்வொர்க்கிங் பாடம் பார்த்தாள். இரண்டு வருஷம் பார்த்தாள். பரீட்சை எழுதினாள், பாஸானாள், இந்தக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்து, பழைய கேட் வழியாகவே மறுபடி உள்ளே வந்தாள். வெல்டிங் ஏப்ரன் போய் லேப்டாப் பை தோளில் ஏறியது. அவ்வளவுதான் வித்தியாசம், கழுத்தில் தொங்கிய கயிறு மட்டும் அதே சிவப்பு.

கயிறு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கம்பெனி ஆட்களுக்கு நீலக் கயிறு, நாலு இலக்க எம்ப்ளாயி நம்பர். டிரெய்னிகளுக்கும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் சிவப்புக் கயிறு, நம்பர் கிடையாது. அது கழுத்தோடு நின்றால் பரவாயில்லை. அந்தக் கம்பெனியில் எது கெட்டாலும் 'ஏன்-ஏன்' என்று ஒரு தாள் எழுத வேண்டும். மெஷின் ஏன் நின்றது? பெல்ட் அறுந்தது. பெல்ட் ஏன் அறுந்தது? எண்ணெய் பட்டது. எண்ணெய் ஏன் பட்டது? இப்படியே ஐந்து 'ஏன்' கேட்டுத் தோண்டிக்கொண்டே போனால், ஐந்தாவதில் அகப்படுவதுதான் அசல் காரணம் என்பது அங்கே சட்டம். தாளின் அடியில் 'பொறுப்பு' என்று ஒரு கட்டம். அதில் எம்ப்ளாயி நம்பர் விழுந்தால்தான் கம்ப்யூட்டர் அந்தத் தாளை ஏற்றுக்கொள்ளும். ஆகவே நாலு வருஷமாக மாரிசெல்வி ராப்பகலாகச் சரிசெய்த அத்தனைக்கும் கீழே ஐ.டி. மேனேஜர் பகலவன் சாரின் நம்பர்தான் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. "உன் பேரைப் போட எனக்கும் ஆசைதான்மா, கம்ப்யூட்டர் வாங்க மாட்டேங்குதே" என்று உண்மையாகவே வருத்தப்படுவார். வருத்தப்பட்டுக்கொண்டே தன் நம்பரைப் போடுவார்.

இப்படிப்பட்ட நிலைமையில்தான் டிரெய்னிங் ஹாலில் வைஃபைக்குக் கிறுக்குப் பிடித்தது.

ஐப்பசி மழை தொடங்கிய சமயம். டிரெய்னிங் ஹால்தான் அங்கே பெரிய மீட்டிங் நடக்கும் இடம். முப்பது பேர் முப்பது லேப்டாப்போடு உட்காருவார்கள். எல்லாம் பழைய லேப்டாப்கள். ஹால் சுவரில் கேபிள் செருக மொத்தமே இரண்டு ஓட்டைகள், அதில் ஒன்று வேலை செய்யாது. ஆக, எல்லாம் வைஃபைதான். அதுவோ மூன்று நிமிஷம் வரும், இரண்டு நிமிஷம் போகும். இதில் கொடுமை என்னவென்றால் டவர் மட்டும் ஃபுல்லாகக் காட்டும். நாலு கோடும் பளிச்சென்று நிற்கும், உள்ளே ஒன்றும் ஓடாது. மதியம் இரண்டேகாலிலிருந்து இரண்டே முக்கால் வரைக்கும், ஒரு ஷிஃப்ட் உள்ளே வந்து ஒரு ஷிஃப்ட் வெளியே போகும் நேரத்தில், சுத்தமாகப் படுத்துவிடும்.

மாரிசெல்வி செய்யாத வைத்தியம் இல்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். சாஃப்ட்வேரைப் புதுசாக ஏற்றினாள். கூரையில் தொங்கும் வட்டமான வெள்ளைப் பெட்டியைக் கழற்றி வேறு மாட்டினாள். ஒன்றுக்கு இரண்டாக மாட்டினாள், இன்னும் மோசமாயிற்று. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எலெக்ட்ரிக்கல்காரர்கள் ஐ.டி. கோளாறு என்றார்கள், ஐ.டி.யில் எர்த்திங் சரியில்லை என்றார்கள், புரொடக்‌ஷன்காரர்கள் இரண்டு பேருமே சரியில்லை என்றார்கள். ஹவுஸ்கீப்பிங் சொர்ணம்மாள் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் வெள்ளைப் பெட்டியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டுப் போனாள். அதை அவிழ்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

சென்னையிலிருந்து பெட்டி விற்ற கம்பெனியின் எக்ஸ்பர்ட்டுகள் இரண்டு பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், அன்றைக்குத்தான் ஹால் காலியாக இருக்கும் என்று. ஹாலின் நாலு மூலையிலும் லேப்டாப்பை வைத்துப் பார்த்தார்கள். அடேயப்பா, என்ன வேகம்! படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. "எல்லாம் பக்கா" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேன்டீனில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் திங்கட்கிழமை மதியம் இரண்டரைக்கு, வெளிநாட்டு வாடிக்கையாளரோடு ரிவ்யூ. அந்த நாட்டில் அப்போதுதான் காலை ஆபீஸ் நேரம். வாடிக்கையாளர் திரையில் வந்து வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே பதினோரு நிமிஷம் நின்றது. முப்பது பேரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மீட்டிங் கலைந்ததும் பகலவன் சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாரிசெல்வி, வியாழக்கிழமை இதே நேரத்துக்கு மறுபடியும் ரிவ்யூ. புது ஆர்டர் விஷயம். அன்னிக்கும் கட்டாச்சுன்னா உங்க கான்ட்ராக்டரையே மாத்திடுவேன்னு பிளான்ட் ஹெட் சொல்லிட்டாரு."

"கான்ட்ராக்டரை மாத்தினா, நான்?"

"புது கான்ட்ராக்டர் அவன் ஆளைக் கூட்டிட்டு வருவான்மா." அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

மேஜைக்குத் திரும்பி வந்து யோசித்தாள். ஊருக்குப் போகலாம், வேறு கம்பெனியில் லைனில் நிற்கலாம், சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. செத்துக்கிடந்த ஒன்று விரல் பட்டு உயிர் வருகிறபோது எதிரே நிற்பவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அது பிடித்திருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு இரண்டு வருஷம் சம்பாதித்த வேலை இது. எவனோ ஒருவன் வந்து லேப்டாப் பையை வாங்கிக்கொள்வதா என்று நினைத்தபோது கண் முட்டியது. கழிவறையில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டேகாலுக்கு, யாரும் இல்லாத ஹாலில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் ஹால் காலி, இன்றைக்கும் காலி. அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது இன்றைக்கு ஏன் நொண்டுகிறது? சுற்றுவட்டாரத்தில் எத்தனை வைஃபை உயிரோடு இருக்கிறது என்று காட்டும் ஒரு சாஃப்ட்வேரைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்பர்ட்டுகள் பார்த்தபோது அதில் பன்னிரண்டு இருந்தது. இப்போது பட்டியல் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. நூற்று எண்பத்தாறு!

'ஓசிக்கு வராதே.' 'பாஸ்வேர்டு கேட்டா அடி.' 'சூப்பர்வைசர் வாரான்.' 'சங்கரன்கோவில் சிங்கம்.' 'நிலாவுக்கு மட்டும்.' எல்லாம் செல்போன் ஹாட்ஸ்பாட்டுகள். மாரிசெல்விக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெயர்களைப் படித்துக்கொண்டே கீழே போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

'மாரி ரூம் 7.'

அவள் பேர். அவள் ரூம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளே தன் போனில் வைத்த பெயர். புது போன் வாங்கியபோது அந்தப் பழைய போனை ரூம்மேட் தங்கமாரிக்குக் கொடுத்தாள். தங்கமாரி இன்னமும் அதே ஹாஸ்டலில் இருக்கிறாள், இதே கம்பெனியில் வெல்டிங் லைனில் செகண்ட் ஷிஃப்ட் பார்க்கிறாள். ஆனால் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாதே! லைனும் இங்கே பக்கத்தில் இல்லையே! அப்புறம் தங்கமாரியின் போன், கூரையில் தொங்கும் பெட்டியைவிடக் கிட்டத்தில் இருப்பதாக எப்படிக் காட்டுகிறது?

லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்தாள். ஜன்னல் பக்கம் நடந்தால் அந்தப் பெயருக்கு நேரே இருந்த சிக்னல் எண் குறைந்தது. பின்சுவர்ப் பக்கம் நடந்தால் ஏறியது. சுவரில் மூக்கு இடிக்கும்வரை நடந்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு சுவரின் மறுபக்கம் போனாள். அங்கே ஒரு நடைபாதை. அதில் ஒரு நாற்காலி. நாற்காலியில் செக்யூரிட்டி டில்லிபாபு, பிள்ளைப்பாக்கத்துக்காரர்.

"இன்னாமா, சாமி தட்டு மாரி லேப்டாப்ப ஏந்திகினு வர்ற?" என்றார்.

மாரிசெல்வி அவரைப் பார்க்கவில்லை. அவர் பின்னால் சுவர் முழுக்க நின்ற இரும்பு ரேக்கைப் பார்த்தாள். சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு நம்பர். லைனுக்குள் போகிறவர்கள் போனை இதில் போட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். கேட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் இருந்த ரேக்.

"அண்ணே, இது எப்ப இங்க வந்துச்சு?"

"மழ வந்துச்சில்ல, ஷெட்டு ஒழுவுது. போன்லாம் நனைஞ்சா எவன் பதில் சொல்றது? அத்தான் தூக்கியாந்து இங்க போல்ட்டு அடிச்சிக்கீறாங்க. ஒரு மாசம் ஆவப்போது. ஏம்மா?"

அவள் அறைகளுக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரே ரூம்காரர்கள் ஒரே அறையில் போடுவது வழக்கம். ஒரு அறைக்கு நாலு போன், ஐந்து போன். பூட்டிய வீட்டுக்குள் கூடி உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பவர்களைப் போல எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடந்தன. அத்தனையிலும் ஹாட்ஸ்பாட்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை லைனுக்கு லீவு, ரேக்கும் காலி, அதனால்தான் எக்ஸ்பர்ட்டுகளிடம் அகப்படவில்லை. ஹாஸ்டலில் நெட்டுக்கு முறை உண்டு. இன்றைக்கு ஒருத்தி நெட்டில் ஆறு பேரும் பார்ப்பார்கள், அது தீர்ந்தால் அடுத்தவள் முறை. பஸ்ஸில் ஒரு மணி நேரம் அதேபடிதான் வருவார்கள். இறங்கும் அவசரத்தில் ரேக்கில் போடுவார்கள். சும்மா விட்டால் ஹாட்ஸ்பாட் பத்து நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும். ஆனால் இது அணையாது. ஏன் அணையாது என்பதும் மாரிசெல்விக்குத் தெரியும். உலகத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். பாடம் பார்க்கும்போது நடுநடுவே நெட் போகிறதே என்ற எரிச்சலில் செட்டிங்குக்குள் போய், தானாக அணையும் வழியை அடைத்தவள் அவள்தான். ரூம் ஏழில் ஐந்து பேருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். "மாரி வித்தை" என்று அது ரூம் எட்டுக்குப் போயிற்று, மாடிக்குப் போயிற்று, பஸ்ஸில் ஏறி ஆண்கள் ரூம்களுக்குப் போயிற்று, புதுசாக வருகிற ஒவ்வொரு பேட்சுக்கும் போயிற்று.

நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாமா, மயக்கமா? தண்ணி வேணுமா?"

"வேண்டாம்ணே. திருடனைப் புடிச்சுட்டேன். கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கு."

பகலவன் சாரிடம் ஓடிப்போய் முக்கால்வாசியைச் சொன்னாள். தன் வித்தையைப் பற்றி மட்டும் வாய் வரவில்லை. சாப்பாட்டு நேரத்து கேன்டீனில் எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினால் பக்கத்து இலைக்காரன் பேச்சும் காதில் விழாதே, அதுதான் சார் இது, என்றாள். அவர் துள்ளிக் குதித்தார்.

"ரேக்கைத் தூக்கிடலாமா?"

"மெயின்டனன்ஸ்ல கேட்டுட்டேன் சார். ஒர்க் ஆர்டர் போட்டு, ஷெட்டு கூரை போட்டு, பத்து நாள் ஆகுமாம்."

"அப்ப ஹெச்.ஆர்.ல சொல்லி, ஹாட்ஸ்பாட் போட்டவனுக்கு சஸ்பென்ஷன்னு ஒரு சர்க்குலர் ஒட்டிடுவோம்."

"ஐயோ, வேண்டாம் சார்!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். "எனக்கு நாளைக்கு ஒரு நாள் குடுங்க. நான் பேசிக்கிடுதேன்."

புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டல் வாசலில், செகண்ட் ஷிஃப்ட் பஸ்ஸில் மாரிசெல்வி ஏறினாள். ஐம்பது தலைகள் போனைப் பார்த்துக் குனிந்திருந்தன. ஒரு தலை நிமிர்ந்தது.

"ஏட்டி மாரி! நீ எங்கன இந்த பஸ்ஸுல? லைனுக்கே திரும்பி வந்துட்டியா?" என்றாள் தங்கமாரி.

"நாளைக்குச் சாயங்காலம் வந்தாலும் வந்துருவேன்ட்டி. அதைப் பேசத்தான் வந்தேன்." நடுவழியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலை உயர்த்தினாள். "எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. ரேக்குல போடுததுக்கு முன்னால ஹாட்ஸ்பாட்டை அணைச்சுட்டுப் போடணும்."

பஸ் ஓவென்று கூவியது. "வைஃபை அக்காவே நெட்டை அணைங்காளே!" என்று பின்சீட்டிலிருந்து ஒருத்தன். "அக்கா, படம் பாதியில நிக்கி, முடிஞ்சதும் அணைக்கேன்!" என்று இன்னொருத்தி.

மாரிசெல்வி ஒன்றையும் மறைக்கவில்லை. ரேக்கையும் ஹாலையும் சொன்னாள். திறந்த வாயோடு நின்ற வெளிநாட்டுக்காரரைச் சொன்னபோது பஸ்ஸே சிரித்தது. பிறகு, நாளைக்கும் அப்படி நின்றால் தன் வேலை போய்விடும் என்பதைச் சொன்னாள். சிரிப்பு நின்றது.

"இதை ஆரம்பிச்சு வெச்சவளும் நான்தான். ரூம் ஏழுல உக்காந்து இந்தக் கோட்டி வேலையைச் சொல்லிக் குடுத்தது நான்தான். நானே இப்ப அதை எடுத்து விடுதேன். போனைக் குடுங்க, ஒவ்வொண்ணா."

வனமாமலை என்ற பையன், நாங்குநேரிக்காரன், போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "அக்கா, எங்க வீட்டுல இன்னைக்கோ நாளைக்கோ பிரசவம். போனை அணைச்சா மிஸ்டு கால் வந்தது எப்படித் தெரியும்?"

"போனை அணைக்கச் சொல்லலப்பா. நெட்டைப் பங்கு வைக்கிற அந்த ஒரு பொத்தானைத்தான். மணி அடிக்கும், பிள்ளை பொறந்த சேதி வரும், எல்லாம் வரும்."

முதல் போனை நீட்டியது தங்கமாரி. நீட்டியதோடு நிற்கவில்லை, எழுந்து புடவையை இழுத்துச் செருகுவதுபோல ஓவர்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வரிசையாகப் பிடுங்க ஆரம்பித்தாள். "குடுல! அவ வேலை போச்சுன்னா உனக்கு நெட்டு வராதப்ப யாரைக் கூப்பிடுவ?" பஸ் ஒரகடம் சேர்வதற்குள் நாற்பத்தெட்டு போன் முடிந்தது. மாரி வித்தை எந்த வழியாகப் பரவியதோ அதே வழியாக அதன் மாற்று வித்தையும் போயிற்று. ஹாஸ்டல் வாட்ஸாப் குரூப்பில் தங்கமாரி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். அதில் பாதி வசவு. மற்ற நாலு பஸ்ஸிலும் பஸ்ஸுக்கு ஒருத்தி பொறுப்பு. காலை ஷிஃப்டுக்கு வருகிற மறைமலை நகர் பஸ்காரர்கள் மட்டும், "எங்களை ஏன் திட்டுற?" என்று கேட்டுவிட்டுச் செய்தார்கள்.

வியாழக்கிழமை டில்லிபாபு ஒரு மணி நேரம் முன்னதாகவே டியூட்டிக்கு வந்துவிட்டார். ரேக்குக்கு முன்னால் லத்தியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னா, அமத்திட்டியா? வாயில சொன்னா ஆவாது, காட்டு. காட்னாத்தான் டோக்கனு!" யாரும் அவருக்கு இந்த வேலையைக் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார். சொர்ணம்மாள் தன் பங்குக்கு வெள்ளைப் பெட்டியில் எலுமிச்சம்பழத்தை மாற்றிக் கட்டியிருந்தாள்.

மதியம் இரண்டு மணி. மாரிசெல்வி ஹாலின் கடைசி நாற்காலியில் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு. முப்பது பேர் ஒவ்வொருவராக வந்து லேப்டாப்பைத் திறந்தார்கள். இரண்டு பத்துக்குச் செகண்ட் ஷிஃப்ட் பஸ்கள் உள்ளே வரும் சத்தம் கேட்டது. பதினைந்து. இருபத்திரண்டு. முப்பத்தொன்று! அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். சுவருக்கு அப்பால் டில்லிபாபுவின் குரல் கேட்டது. "ஏய், நீல சட்ட! எங்க நைஸா போற? வா இங்க!" இருபத்தாறு. பத்தொன்பது. பதினான்கு. பதிமூன்று.

பதிமூன்றில் நின்றது. வழக்கமான பன்னிரண்டு போக மிச்சம் ஒன்று. அது எது என்று பார்த்தாள்.

'மாரி ரூம் 7.'

ஊரிலுள்ள போனையெல்லாம் பிடுங்கி அணைத்தவள் தன்னுடையதை அணைக்க மறந்து, டில்லிபாபுவும் அவளிடம் மட்டும் காட்டச் சொல்லாமல் விட, லைனுக்குள் போய்விட்டாள்! மாரிசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒன்றே ஒன்று, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டரைக்கு வெளிநாட்டுக்காரர் திரையில் வந்தார். வாயைத் திறந்தார். வணக்கம் என்றார். வாயை மூடினார். ஹாலில் முப்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்ட சத்தம் அவருக்கே கேட்டிருக்கும். ஒரு மணி நாற்பது நிமிஷம் பேசினார்கள். வெல்டிங்கைக் கேட்டார், காட்டினார்கள். கணக்கு கேட்டார், முப்பது லேப்டாப்பில் யாருடையதிலிருந்து கேட்டாலும் வந்தது. நடுவில் ஒரே ஒரு தடை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு போன் விடாமல் அடித்தது, பிறகு டில்லிபாபு பூட்ஸ் காலோடு ஓடும் சத்தம் கேட்டது. மாரிசெல்விக்கு அது எந்தப் போன் என்று தெரியும். "பொண்ணு பொறந்துகீது!" என்ற கூச்சல் நடைபாதையைத் தாண்டி ஹாலுக்குள்ளும் வந்தது. என்ன சத்தம் என்று வெளிநாட்டுக்காரர் கேட்டார். பிளான்ட் ஹெட் விசாரித்துச் சொன்னார். திரையில் அவர் கை தட்டினார், படம் கொஞ்சமும் சிக்காமல்.

வெள்ளிக்கிழமை ஏன்-ஏன் தாள் எழுத வேண்டும். மாரிசெல்வி காலையிலிருந்து அதை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் வைஃபை நின்றது? காற்றில் நெரிசல். ஏன் நெரிசல்? சுவருக்குப் பின்னால் ஹாட்ஸ்பாட்டுகள். ஏன் சுவருக்குப் பின்னால்? ரேக் இடம் மாறியது. ஏன் ஹாட்ஸ்பாட் தானாக அணையவில்லை? செட்டிங் அடைக்கப்பட்டிருந்தது. இதுவரை சுலபம். ஏன் அடைக்கப்பட்டிருந்தது? 'ஊழியர்களுக்கு விழிப்புணர்வு இல்லாததால்' என்று எழுதினால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அந்தக் கம்பெனியில் பாதித் தாள்களில் ஐந்தாவது ஏன் அதுதான். பேனாவைக் கடித்தாள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் டீ குடித்தாள். திரும்பி வந்து எழுதினாள்: 'ஆறு வருஷத்துக்கு முன்னால் ஹாஸ்டல் ரூம் ஏழில் மாரிசெல்வி அப்படிச் செய்யச் சொல்லிக்கொடுத்ததால்.' அதற்குக் கீழே, சரிசெய்தது: 'மாரிசெல்வியும் நானூற்றுப் பன்னிரண்டு பேரும்.' யாருடைய ஹாட்ஸ்பாட் பெயரையும் அதில் எழுதவில்லை. முக்கியமாக 'நிலாவுக்கு மட்டும்' வெளியே வரவே இல்லை.

பகலவன் சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிறியேமா. மாத்தி எழுதலாமே?"

"அதான் சார் நெசம்."

அவர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, 'பொறுப்பு' கட்டத்துக்கு வந்தார். வழக்கம்போலத் தன் நம்பரை அடிக்கப் போன விரல் அப்படியே நின்றது. ஐந்தாவது ஏனில் மாரிசெல்வி, பொறுப்பில் பகலவனா? செய்தவளும் அவள், சரிசெய்தவளும் அவள். நம்பர் மட்டும் இவருடையதா? அந்த மனிதர் நாலு வருஷமாகப் பட்ட வருத்தமெல்லாம் அன்றைக்குத்தான் ரோஷமாக மாறியது. கட்டத்தைக் காலியாக விட்டு, தாளை அச்சடித்து எடுத்துக்கொண்டு நேராகப் பிளான்ட் ஹெட் அறைக்குப் போனார்.

"சார், இந்தத் தாளை மூட முடியலை. பொறுப்பான ஆளுக்கு நம்பர் இல்லை."

பிளான்ட் ஹெட் ஐந்து ஏனையும் படித்தார். ஐந்தாவதில் வாய்விட்டுச் சிரித்தார். பத்து வருஷத்தில் ஐந்தாவது ஏனில் தன் பேரை எழுதின ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு, ஹெச்.ஆரைக் கூப்பிட்டு, தாள் மூடாமல் கிடக்கக் கூடாது, சட்டப்படி ஆகட்டும், ஒரு நம்பர் போடுங்கள் என்றார். மூன்று வாரம் இன்டர்வியூ, மெடிக்கல், கையெழுத்து என்று இழுத்தது. இழுத்தாலும் வந்து சேர்ந்தது. 3186. கயிறு நீலம். மாரிசெல்வி அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கழிவறைக் கண்ணாடி முன் நின்று, போன தடவை போலவே முகம் கழுவ வேண்டியதாயிற்று.

அடுத்த திங்கட்கிழமை அவளுக்குச் செகண்ட் ஷிஃப்ட். ஹாஸ்டல் வாசலில் பஸ் ஏறினாள். நீலக் கயிற்றைப் பார்த்ததும் பஸ் விசிலடித்தது. வனமாமலை மகளுடைய போட்டோவைக் காட்டிவிட்டு அல்வாத் துண்டை வாயிலேயே திணித்தான். தங்கமாரி பக்கத்துச் சீட்டிலிருந்த ஆளை எழுப்பிவிட்டு இடம் போட்டாள்.

"கம்பெனி ஆளு வந்துட்டா! இன்னைக்கு நெட்டு உன் முறைட்டி."

"என் நெட்டுல ஐம்பது பேரா?"

"நம்பரு வாங்கினேல்லா? போடு!"

மாரிசெல்வி போனை எடுத்தாள். பழைய பெயர் தங்கமாரியிடம் இருந்ததால் புதுசாக ஒன்று வேண்டியிருந்தது. 'மாரி 3186' என்று வைத்தாள். ஒரு நிமிஷத்தில் பத்துப் பேர் தொற்றிக்கொண்டார்கள். அதற்கு மேல் போன் இடம் கொடுக்கவில்லை. மிச்சம் நாற்பது பேரும் அவளைத் திட்டிக்கொண்டே பத்துப் பேரின் தோளுக்கு மேலே எட்டிப் படம் பார்த்தார்கள்.

பஸ் கம்பெனி கேட்டுக்குள் திரும்பியது. படத்தில் சண்டை உச்சத்தில் இருந்தது. ஐம்பது பேரும் படத்தை விட்டுவிட்டு ஒரே குரலில் கத்தினார்கள்.

"மாரி, அணை!"

அவள் அணைத்தாள்.